தைராய்டு குறைபாடு என்ற சந்தேகமா? ரத்தப் பரிசோதனை அறிக்கையின் எண்கள் சொல்வது என்ன?

காரக்கோணம்: தீராத உடல் சோர்வு, காரணம் தெரியாத எடை அதிகரிப்பு, முடி உதிர்தல், மலச்சிக்கல், குளிரைத் தாங்க இயலாமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றுடன் மருத்துவரை நாடுவோருக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது தைராய்டு ரத்தப் பரிசோதனையாகும். ஒரே நாளில் முடிவு கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த அறிக்கையில் உள்ள எண்களைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும் என்ற அச்சம் எழுகிறது. எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தாலோ, நோயே இல்லை என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர். இவ்விரண்டு முடிவுகளும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு.

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டி அமைந்துள்ளது காரக்கோணம். பாறசாலை, வெள்ளறடை, குன்னத்துகால் முதலான சுற்றுப்புறப் பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, பனச்சமூடு பகுதிகளிலும் வாழும் மக்கள் மருத்துவத்துக்காக இரு மாநிலங்களுக்கும் சென்று வருவது வழக்கம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையில் விளவங்கோடு உள்ளிட்ட 4 வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. எனினும் மருத்துவமனைக்குச் செல்லும் பாதைகள் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை.

காரக்கோணத்தில் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியின் பெயரே இந்தத் தொடர்புக்குச் சான்றாகும். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இடம்பெற்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் நீண்ட காலம் பணியாற்றியவர் ஆவார்.

இப்பகுதியில் ஒருவர் ஒரு மாநிலத்தில் ரத்தம் கொடுத்து, மறு மாநில மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுவது இயல்பான ஒன்று. அறிக்கை ஆங்கிலத்திலும் மருத்துவரின் விளக்கம் மலையாளத்திலும் இருக்க, நோயாளி தமிழில் அதைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. எனவே அறிக்கையின் ஒவ்வொரு வரியும் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்திருப்பது பயனளிக்கும்.

மூன்று எண்கள், இரண்டு சுரப்பிகள்

கழுத்தின் முன்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, டி4 எனப்படும் தைராக்சினையும் சிறிதளவு டி3 ஹார்மோனையும் சுரக்கிறது. உடலின் பிற பகுதிகளில் டி4, டி3-ஆக மாற்றப்பட்டுச் செயல்படுகிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், மூளை வளர்ச்சி ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளையே டி.எஸ்.எச். ஆகும். வேலை மந்தமானால் மேற்பார்வையாளரின் குரல் உயர்வதைப் போல, தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரக்கும்போது பிட்யூட்டரி டி.எஸ்.எச். அளவை உயர்த்துகிறது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் டி.எஸ்.எச். தாழ்ந்துவிடுகிறது. ஆகவே, டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு அதிகம் என்று பொருளன்று. பெரும்பாலும் தைராய்டு குறைவு என்பதே பொருள். அறிக்கையைப் படிப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

கருவுறாத பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4.0 அல்லது 4.5 மில்லி சர்வதேச அலகு வரை இருக்கலாம் என்று பெரும்பாலான ஆய்வகங்கள் குறிப்பிடுகின்றன. 'ஃப்ரீ டி4' எனப்படும் கட்டற்ற டி4 அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 நானோகிராம் வரை இருக்கும். கருவிக்கும் முறைக்கும் ஏற்ப இவ்வரம்புகள் சற்று மாறுபடும் என்பதால், அந்தந்த அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள வரம்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அலகு மாறினால் எண் மாறும்

இரு வேறு ஆய்வகங்களின் அறிக்கைகளை ஒப்பிடும்போது அலகைக் கவனிக்க வேண்டியது மிக அவசியம். கட்டற்ற டி4 ஓர் ஆய்வகத்தில் டெசிலிட்டருக்கு 1.2 நானோகிராம் என்றும், மற்றோர் ஆய்வகத்தில் லிட்டருக்கு 15.4 பிகோமோல் என்றும் அச்சிடப்பட்டிருக்கலாம். 1.2 என்பது 15.4 ஆக உயர்ந்துவிட்டதாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. இரண்டும் ஒரே அளவே. முதல் அலகை 12.87 ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். டி.எஸ்.எச். பொறுத்தவரை, லிட்டருக்கு மில்லி அலகு என்பதும் மில்லிலிட்டருக்கு மைக்ரோ அலகு என்பதும் ஒன்றே, எண் மாறாது.

இதேபோன்று 'மொத்த டி4', 'கட்டற்ற டி4' ஆகியவையும் வேறுபட்டவை. ரத்தத்தில் உள்ள டி4-இன் பெரும்பகுதி புரதங்களுடன் பிணைந்திருக்கும். பிணையாத சிறு பகுதியே உடலணுக்களில் செயல்படும். கருவுற்ற காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உண்ணும்போதும் அப்புரதங்கள் அதிகரிப்பதால், நோய் இல்லாமலேயே மொத்த டி4 உயர்ந்து காணப்படும். ஆதலால் தைராய்டு குறைபாட்டை ஆராய டி.எஸ்.எச். உடன் கட்டற்ற டி4 பார்ப்பதே பெரும்பாலும் பொருத்தமானது.

டி3 அளவு, தைராய்டு குறைபாட்டைக் கண்டறிவதில் அதிகம் உதவுவதில்லை. சுரப்பி நலிவடையும்போதும் உடல் டி3 அளவைக் கடைசிவரை காத்துக்கொள்ள முயல்வதால், குறைபாடு உள்ளவர்களிலும் அது இயல்பாகவே இருக்கக்கூடும். தைராய்டு மிகைச் சுரப்பு என்ற ஐயம் எழும்போதே டி3 சோதனை முதன்மை பெறுகிறது.

நான்கு வகையான முடிவுகள்

எடுத்துக்காட்டாக, டி.எஸ்.எச். 28, கட்டற்ற டி4 0.5 என்று அறிக்கை வந்தால், கட்டளை உயர்ந்தும் சுரப்பு தாழ்ந்தும் உள்ளது. இது வெளிப்படையான தைராய்டு குறைபாடு. சிகிச்சை தேவை என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

டி.எஸ்.எச். 6.8, கட்டற்ற டி4 1.1 என்று வந்தால், கட்டளை சற்று உயர்ந்துள்ளது; சுரப்பு இன்னும் இயல்பாக உள்ளது. இது மறைநிலைக் குறைபாடு எனப்படுகிறது. அதிகக் குழப்பத்தையும், தேவையற்ற மாத்திரைகளையும் உருவாக்கும் நிலை இதுவே.

டி.எஸ்.எச். 2.1, கட்டற்ற டி4 0.5 என்று வந்தால், டி.எஸ்.எச். வரம்புக்குள் இருப்பதைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. டி4 இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது கட்டளை உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை எனில் கோளாறு பிட்யூட்டரியிலோ, அதற்கு மேலுள்ள ஹைப்போதலாமசிலோ இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் மலிவு விலைப் பரிசோதனைத் தொகுப்புகளில் இந்நிலை தப்பிவிடும்.

டி.எஸ்.எச். 0.05, கட்டற்ற டி4 2.9 என்று வந்தால், அது குறைபாடு அன்று, மிகைச் சுரப்பு. அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறானது.

மூன்றாவது நிலைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஷீஹன் நோய்த்தொகுதி. மகப்பேற்றின்போது கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டால் பிட்யூட்டரி சுரப்பி ரத்த ஓட்டமின்றிச் சேதமடையக்கூடும். குழந்தை பெற்றபின் பால் சுரக்காமை, மாதவிடாய் திரும்பாமை, பல ஆண்டுகள் நீடிக்கும் சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். இத்தகையோருக்கு அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசாலும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராக்சின் மாத்திரையை மட்டும் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே பழைய மகப்பேற்று விவரங்களை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

சற்றே உயர்ந்த டி.எஸ்.எச்.: அவசரம் தேவையில்லை

டி.எஸ்.எச். ஒருமுறை 5 அல்லது 7 என வந்தவுடன் சிகிச்சையைத் தொடங்குவதைவிட, 2 முதல் 3 மாதங்களில் மீண்டும் சோதிப்பதே பொதுவான மருத்துவ நடைமுறை. சற்றே உயர்ந்த அளவுகளில் கணிசமானவை மருந்தின்றியே இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. காய்ச்சல் அல்லது கடும் நோயிலிருந்து மீளும் காலத்தில் டி.எஸ்.எச். தற்காலிகமாக உயர்வது உண்டு. ஆகவே தைராய்டு நோய் குறித்த வலுவான ஐயம் இல்லாத நிலையில், மருத்துவமனையில் வேறு நோய்க்காகச் சேர்ந்திருக்கும்போது இச்சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

மீண்டும் சோதித்தபோதும் உயர்ந்தே இருந்தால், 'ஆன்டி டி.பி.ஓ.' எனப்படும் எதிர்ப்பான் சோதனை உதவும். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கும் நோயை 1912-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்தார். அயோடின் போதிய அளவு கிடைக்கும் பகுதிகளில் குறைபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1970-களில் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்தப்பட்ட தொடராய்வு, பெண்களில் டி.எஸ்.எச். உயர்வும் எதிர்ப்பானும் சேர்ந்து இருந்தால் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேர் வெளிப்படையான குறைபாட்டை அடைந்ததாகக் கண்டறிந்தது. டி.எஸ்.எச். உயர்வு மட்டும் இருந்தோரில் இது 2.6 சதவீதம், எதிர்ப்பான் மட்டும் இருந்தோரில் 2.1 சதவீதம். எதிர்ப்பான் இருப்பது அறியப்பட்டபின் அதையே மீண்டும் மீண்டும் அளப்பதால் பயனில்லை, டி.எஸ்.எச். அளவை ஆண்டுக்கு ஒருமுறை கண்காணிப்பது போதுமானது.

டி.எஸ்.எச். 10-க்கு மேல் நிலைத்திருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். அதற்குக் கீழே எனில் வயது, அறிகுறிகள், இதய நோய், குழந்தைப் பேற்றுத் திட்டம் ஆகியவற்றைப் பொறுத்து முடிவெடுக்கப்படுகிறது. வயது முதிர முதிர டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று உயரும் என்பதால், 75 வயது மூதாட்டிக்கு வரும் 6 என்ற எண்ணும் 25 வயது இளம்பெண்ணுக்கு வரும் 6 என்ற எண்ணும் ஒன்றல்ல.

65 வயதும் அதற்கு மேலும் உள்ள, மறைநிலைக் குறைபாடு கொண்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. தைராக்சின் உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே சோர்விலோ பிற அறிகுறிகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. தேவையற்ற தைராக்சின் அளவு மிகுந்தால், முதியோரில் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் எலும்புத் தேய்மானமும் ஏற்படலாம் என்பதும் கவனிக்கத்தக்கது.

கருவுற்றோருக்குத் தனி அளவுகோல்

கருவுற்ற முதல் 3 மாதங்களில் எச்.சி.ஜி. ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே தாழும். இக்காலத்தில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே ஆதாரம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் முதல் 3 மாதங்களுக்கு 2.5 என்ற மேல்வரம்பை வகுத்தது. அந்தந்த நாட்டுக்குரிய வரம்பு கிடைக்காத இடங்களில் சுமார் 4.0 எனக் கொள்ளலாம் என்று 2017-இல் அதைத் திருத்தியது. மருத்துவர்கள் வெவ்வேறு எண்களைக் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே தைராக்சின் உண்ணும் பெண்கள் கருவுற்றது உறுதியானவுடன் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவை ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் உயர்த்த வேண்டியிருக்கும். மாத்திரை குழந்தையைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் அதை நிறுத்துவதே உண்மையில் ஆபத்தானது.

பிறக்கும் குழந்தைகளுக்கும் இச்சோதனை இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 1,130 பேரில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு கண்டறியப்பட்டது. சென்னை மையத்தில் இது 727 பேரில் ஒருவராக இருந்தது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கப்படும் சில துளி ரத்தம் போதும். முதல் 2 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைப் பெருமளவு தடுத்துவிடலாம். குழந்தை பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

ரத்தம் கொடுக்கும் முன்

டி.எஸ்.எச். இரவிலும் அதிகாலையிலும் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். இச்சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை எனினும், ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், முடிந்தவரை காலையில் ரத்தம் கொடுத்தால் முடிவுகளை ஒப்பிடுவது எளிது. தைராக்சின் உண்பவர்கள், ரத்தம் கொடுத்த பின்னர் அன்றைய மாத்திரையை உண்பது நல்லது.

முடி உதிர்வுக்காகப் பலர் உண்ணும் பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்தும் டி4 அளவைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். தைராய்டு குறைபாட்டின் அறிகுறியான முடி உதிர்வுக்காக உண்ணும் மாத்திரையே அந்நோயை மறைத்துவிடக்கூடும். சோதனைக்குக் குறைந்தது 2 நாட்கள் முன்னதாக அதை நிறுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது. மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகளை உண்போரும் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மாத்திரை உண்டும் எண் குறையவில்லையா?

தைராக்சின் மாத்திரையைத் தண்ணீருடன், காலை உணவுக்கும் தேநீர், காபிக்கும் 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் உண்ண வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்சினைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால் 4 மணி நேர இடைவெளி தேவை. இவ்விரு மாத்திரைகளும் வழங்கப்படும் கருவுற்ற பெண்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். எனவே மருந்தளவை மாற்றிய 6 முதல் 8 வாரங்களுக்குப் பின்னரே மறுசோதனை உரிய முடிவைத் தரும். 10 நாட்களில் மீண்டும் ரத்தம் கொடுப்பது பொருட்செலவே அன்றிப் பயனளிக்காது.

உப்பும் மரச்சீனியும்

இந்தியாவில் அயோடின் குறைபாட்டுக்கு எதிரான போராட்டம் நீண்ட வரலாறு கொண்டது. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி.ராமலிங்கசாமி தலைமையிலான குழு 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்ப்பதால் கழலை நோய் குறைவதை நிறுவியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு மே 17 முதல், மனிதர் நேரடியாக உண்ணுவதற்காக அயோடின் சேர்க்காத உப்பை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

தென் திருவிதாங்கூர் மக்களின் அன்றாட உணவான மரச்சீனிக் கிழங்கு தைராய்டைப் பாதிக்குமா என்ற வினா இப்பகுதியில் அடிக்கடி எழுகிறது. அக்கிழங்கில் உள்ள சயனைடு சார்ந்த பொருள், உடலில் தயோசயனேட்டாக மாறித் தைராய்டு அயோடினை ஈர்ப்பதைத் தடுக்கக்கூடியது. ஆயினும் உணவில் அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களிலேயே இது நோயாக உருவெடுக்கிறது. கிழங்கை நன்கு வேகவைத்து நீரை வடித்து உண்பதும், அயோடின் உப்பைப் பயன்படுத்துவதும் போதுமானவை. உணவை அடியோடு கைவிட வேண்டியதில்லை.

அயோடின் பற்றாக்குறை நீங்கியபின்னும் தைராய்டு குறைபாடு நீங்கிவிடவில்லை. கொச்சியில் 971 பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 3.9 சதவீதம் பேருக்குக் குறைபாடும் 9.4 சதவீதம் பேருக்கு மறைநிலைக் குறைபாடும் இருந்ததாகத் தெரிவித்தது. 2013-இல் வெளியான 8 நகரங்களின் ஆய்வில், 5,300-க்கும் மேற்பட்டோரில் சுமார் 11 சதவீதம் பேருக்குக் குறைபாடு காணப்பட்டது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சோர்வுக்கும் எடை அதிகரிப்புக்கும் தைராய்டு மட்டுமே காரணமாகாது. ரத்தசோகை, நீரிழிவு, மனச்சோர்வு, உறக்கக் குறைவு, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். தைராய்டு எண்கள் இயல்பாக இருந்தும் துன்பம் தொடர்ந்தால் பிற காரணங்களை ஆராய வேண்டும்.

தைராய்டு குறைபாடு உள்ள முதியவர் ஒருவர் மிகுந்த மயக்க நிலையில், உடல் குளிர்ந்து, நாடித் துடிப்பும் மூச்சும் மந்தமாகக் காணப்பட்டால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கழுத்தில் வேகமாக வளரும் வீக்கம், விழுங்குவதில் சிரமம், குரல் மாற்றம் ஆகியவற்றுக்கும் ரத்தப் பரிசோதனையுடன் நின்றுவிடாமல் மருத்துவரை நேரில் காண்பது அவசியம்.

பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருந்து, ஒவ்வொன்றிலும் அன்று உண்ட மாத்திரையின் அளவைக் குறித்துவைப்பது நோயாளி செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயலாகும். மருத்துவமனையோ மாநிலமோ மாறினாலும், மருத்துவர் ஓர் எண்ணைக் கொண்டு முடிவெடுக்காமல் அதன் போக்கைக் கண்டு முடிவெடுக்க அது வழிவகுக்கும். மருத்துவரின் ஆலோசனையின்றித் தைராக்சின் மாத்திரையைத் தாமாகத் தொடங்குவதோ, அளவை மாற்றுவதோ, நிறுத்துவதோ கூடாது.